இன்டர்வியூ முடிந்தது, இனி?

யாழ்ப்பாணக் கச்சேரியில் அரச நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சை நடக்கிறதென்றால் வாசலிலேயே தெரிந்துவிடும். பொடியன், பெட்டை என்றில்லாமல் எல்லோர் கையிலும் ஒரு பைல். மேலே பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். கீழே அடையாள அட்டைப் பிரதி, பட்டச் சான்றிதழ், பெறுபேற்றுப் பட்டியல், கிராம சேவையாளர் கொடுத்துப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வதிவிடச் சான்றிதழ். மூலப்பிரதிகள் ஒரு உறையில், சமாதான நீதவான் உறுதிப்படுத்திய நிழற்பிரதிகள் இன்னொன்றில். உள்ளே போனவர் வெளியே வந்ததும் நிற்பவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். “என்ன கேட்டவை?”

“ஒண்டும் கேக்கேல்லை. சேட்டிபிக்கற்றைப் பாத்தவை, அவ்வளவுதான்.”

சொல்பவர் முகத்தில் ஏமாற்றம் தெரியும். ஆனால் நடந்தது விதிப்படிதான். ‘பொது நேர்முகப் பரீட்சை’ என்று வர்த்தமானி அறிவித்தலில் இருந்தால் அதற்குப் புள்ளியே கிடையாது. தகைமையைச் சரிபார்ப்பதோடு சரி. ‘கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை’ என்றிருந்தால் எதற்கு எத்தனை புள்ளி என்ற திட்டம் முன்கூட்டியே இருக்கும். ஆசிரியர் நியமனத்தில் செயன்முறைப் பரீட்சையும் சேர்வதுண்டு. சபையின் முன் நின்று சில நிமிடம் படிப்பித்துக் காட்டவேண்டும். எங்கள் ஆட்கள் முதலாவதற்குப் பொது அறிவுப் புத்தகத்தை இரவிரவாகப் பாடமாக்குவார்கள், படிப்பித்துக் காட்டவேண்டிய இடத்துக்குப் பைலை மட்டும் கொண்டுபோவார்கள். அந்தப் பைலிலும் காலை வாரிவிடுவது பெரும்பாலும் திகதிதான். பட்டம் அமுலுக்கு வந்த திகதி, விண்ணப்ப முடிவுத் திகதிக்கு ஒருநாள் பிந்தினாலும் போச்சு.

கொழும்புக் கம்பனி இன்டர்வியூ வேறு உலகம். இரவு பஸ்ஸில் ஏறி விடிய வெள்ளவத்தையில் இறங்கி, சொந்தக்காரர் வீட்டில் முகம் கழுவி, சேர்ட்டை மாற்றிக்கொண்டு ஓடவேண்டும். அங்கே பைலைப் புரட்டிப் பார்க்க ஆளில்லை. வாய் திறந்து பேசவேண்டும், அதுவும் ஆங்கிலத்தில், இடையிடையே சிங்களத்தில்.

எதுவானாலும் பின்னால் வருகிற மாதங்கள்தான் ஆளை அரிப்பவை. “தம்பி, லெட்டர் வந்திட்டுதே?” என்று மதிலுக்கு அங்காலிருந்து ஒரு மாமி கேட்பார். கலியாண வீட்டில் இன்னொருவர், கோயில் வீதியில் வேறொருவர். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. அந்தச் சொல்லைப் பகிடி பண்ணுவது சுகம். ஆனால் ஓய்வூதியம், கடன் வசதி, கலியாணச் சந்தை மூன்றும் அதன் பக்கம் நிற்கும்போது பிள்ளைகளை மட்டும் எப்படிக் குறை சொல்வது? 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மாவட்டச் செயலகத்தின் முன்னால் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் இருந்தார்கள்.

என் கோபம் 2020இல் நடந்ததைப் பற்றியது. ஐம்பதினாயிரம் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் பயிலுநராகச் சேர்க்கும் திட்டம் அப்போது வந்தது. வேலையற்றவர்களுக்கான திட்டம் என்பதால், ஊழியர் சேமலாப நிதியில் பெயர் இருந்தவர்களைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டார்கள். அதாவது, சும்மா இருக்கக் கூடாதென்று ஒரு கடையிலோ தனியார் கல்வி நிலையத்திலோ வேலைக்குப் போய், முதலாளி 12 வீதமும் தான் 8 வீதமும் சட்டப்படி கட்டிய பிள்ளை வெளியே. கையில் காசு வாங்கிக்கொண்டு பதிவில்லாமல் வேலை செய்தவரும், வீட்டில் இருந்தவரும் உள்ளே. மேன்முறையீடுகள் பின்னர் ஏற்கப்பட்டன என்பது உண்மை. ஆனால், “இபிஎப் போடாதேங்கோ சேர், பிறகு கவர்மன்ட் வேலை கிடையாது” என்று முதலாளியிடம் பிள்ளைகளே கெஞ்சும் நிலை உருவாகிவிட்டது. முதலாளிக்குக் கசக்குமா? அவருக்கு 12 வீதம் மிச்சம்.

லெட்டர் வந்தவர்களுக்கும் அத்தோடு முடியவில்லை. அபிவிருத்தி உத்தியோகத்தராக நியமனம் பெற்றுப் பாடசாலைகளில் படிப்பிக்கும் பலர், ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்குங்கள் என்று திரும்பவும் வீதிக்கு வந்தார்கள்.

ஆகவே இன்டர்வியூவுக்கும் முடிவுக்கும் இடையில் வேலை கிடைத்தால் போங்கள், சேமலாப நிதியோடு போங்கள் என்பேன். நாளைக்கு இன்னொரு சபை அனுபவத்துக்குப் புள்ளி போடும்போது பதிவில்லாத வேலையை எதைக் காட்டி நிரூபிப்பது?

பெயர் வரவில்லையென்றால் “ஆரையோ பிடிச்சு உள்ள போட்டாங்கள்” என்று சந்தியில் நின்று சொல்வதோடு பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். சில வேளை அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கேட்டுப் பார்க்க வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. எனக்கு எத்தனை புள்ளி, எந்தெந்தத் தலைப்பில், புள்ளித் திட்டம் என்ன என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறேன் என்று விளக்கத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவைச் சொல்லவேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் போகலாம்.

பாகுபாடு நடந்ததென்று நம்பினால் நாட்காட்டியைப் பாருங்கள். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும். கொழும்புக்குப் போய்ச் சட்டத்தரணி பிடிக்க உடனே வசதியில்லாதவர்கள் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. கொடுத்த முறைப்பாட்டின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி அதையும் பைலுக்குள் வையுங்கள்.