ஏழு கையெழுத்துகள்



சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை, கனமூலையில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஆறு பெண்கள் வந்தார்கள். எல்லோரும் நான் நன்கு அறிந்தவர்கள். சற்றுத் தொலைவில் உள்ள ஒரு பயிற்சி நிலையத்தில் தையல், கணினி, ஆங்கிலம், முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி கற்பித்து வந்தவர்கள். அவர்களில் நால்வர் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நானும் அப்படியொரு குடும்பத்தில், இந்தக் கரையில் ஓர் ஓலைக் குடிசையில் பிறந்தவள்தான்.

"திட்டம் முடிஞ்சிட்டாம். இனி வர வேணாமாம்" என்றார் மூத்த தையல் டீச்சர். கடிதம் எதுவும் இல்லை, தொலைபேசியில் சொன்னதுதான். இரண்டு மாதச் சம்பளமும் பாக்கி. பத்து வருடங்களாக அவரிடம் தையல் படித்த பிள்ளைகள் இன்று ஊர் ஊராகத் தைத்துப் பிழைக்கிறார்கள். ஆனால் அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு ஒரு நியமனக் கடிதம்கூட அவரிடம் இல்லை. 'வருகைதரு போதனாசிரியை' என்ற பெயரில், மணித்தியாலக் கணக்கில் சம்பளம் கொடுத்திருக்கிறார்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1935இல் தொடங்கப்பட்ட ஒரு சமுதாயக் கல்லூரி இருக்கிறது. பல்கலைக்கழகம் போக வசதியில்லாதவர்களும், தொழில் கற்க வருபவர்களும், அகதிகளாக வந்து ஆங்கிலம் படிக்க விரும்புபவர்களும் அங்கே படிக்கிறார்கள். நம் தொழிற்பயிற்சி நிலையத்தையும் தொழில்நுட்பக் கல்லூரியையும் சேர்த்துப் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021இல் பணத் தட்டுப்பாடு என்று கூறி, 163 வரையான முழுநேர ஆசிரியர்களை நிறுத்த நிர்வாகம் முனைந்தது. ஆசிரியர் சங்கம் பேச்சுவார்த்தைக்குப் போனது. ஓராண்டுக்கு எல்லோரும் தம் சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது, அதற்குப் பதிலாக ஒருவரையும் நிறுத்தாமல் இருப்பது என்று உடன்பாடு கண்டார்கள்.

அந்த ஓராண்டு முடிந்தது. 2022 மே மாதம் 38 முழுநேர ஆசிரியர்களை நிறுத்தக் கல்லூரிச் சபை வாக்களித்தது. விட்டுக்கொடுத்த சம்பளம் ஓராண்டைத்தான் வாங்கித் தந்தது. ஆனால் சங்கம் கலைந்து போகவில்லை. அந்தச் சபை நகர மக்களின் வாக்குகளால் தெரிவாகும் சபை. 2022 நவம்பர்த் தேர்தலில் சபையின் பழைய உறுப்பினர்கள் மூவர் தோற்று, சங்கம் ஆதரித்த மூவர் வென்றார்கள்.

இதில் இன்னொரு விடயமும் உண்டு. அந்த மாநிலச் சட்டப்படி நிரந்தர ஆசிரியரை நிறுத்துவதாயின் மார்ச் 15ஆம் திகதிக்கு முன்னர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவர் விசாரணை கேட்கலாம். ஆனால் பகுதிநேர ஆசிரியருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவரை யாரும் நீக்குவதில்லை, அடுத்த தவணைக்கு வகுப்புக் கொடுக்காமல் விட்டுவிடுவார்கள். அவ்வளவுதான். நம் தையல் டீச்சருக்கு நடந்ததும் அதுவே.

நம் நாட்டு நிலை என்ன? 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் இறங்கிய சுமார் 40,000 பேர் வேலை இழந்தார்கள். அந்த நினைவு இன்றும் பலரைச் 'சங்கம்' என்ற சொல்லுக்கே அஞ்ச வைக்கிறது. மறுபக்கம், 2021 ஜூலை 12 முதல் ஒக்டோபர் வரை அதிபர்களும் ஆசிரியர்களும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றார்கள். பல சங்கங்கள் ஒன்றாக நின்று பேசியதால், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இழுபட்ட சம்பள முரண்பாட்டுக்கு அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 30 பில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. ஆனால் பிள்ளைகளின் படிப்பும் அந்த மாதங்களில் நின்றது. அதையும் நாம் மறக்கக் கூடாது.

அந்தத் திங்கட்கிழமை நாங்கள் முற்றத்தில் பாய் விரித்து அமர்ந்து, ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினோம். தொழிற்சங்கம் ஒன்றைப் பதிவு செய்ய ஏழு பேரின் கையெழுத்து வேண்டும். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நாங்கள் எண்ணினோம். ஆறு பேர்தான் இருந்தார்கள்.

"கூட்டித் துடைக்கிற ராத்தாவையும் நிப்பாட்டிட்டாங்க" என்று மெல்லச் சொன்னார் கணினி டீச்சர். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. 'நாம் போதனாசிரியைகள், அவர் கூட்டுபவர்' என்ற எண்ணம் அந்த முற்றத்தில் இருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. பிறகு மூத்த தையல் டீச்சர்தான் எழுந்து, "நான் போய்க் கூட்டி வாறன்" என்று புறப்பட்டார். அரை மணித்தியாலத்தில் ராத்தா வந்தார். "எண்ட பேரும் கடதாசியில வருமா மகள்?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, கவனமாகத் தன் பெயரை எழுதினார். ஏழாவது கையெழுத்து அவருடையது.

சங்கம் பதிவாகக் காலம் எடுக்கும். அதற்கு முன்னரே, எழுவரும் கையொப்பமிட்ட ஒரு கடிதத்துடன் நிர்வாகத்தைச் சந்தித்தோம். வரவுப் புத்தகத்தின் பிரதி, சம்பளச் சிட்டைகள், சான்றிதழ் வழங்கும் விழாப் படங்கள் எல்லாம் கையில் இருந்தன. மூன்று விடயங்களை மட்டும் கேட்டோம்: சம்பளப் பாக்கி, சேவைச் சான்றிதழ், சேமலாப நிதி. நாற்காலியில் அமராமல் கதவருகே நின்ற ராத்தாவைத் தையல் டீச்சர் கைபிடித்துத் தன் பக்கத்தில் அமர்த்தினார்.

பாக்கி இரு தவணைகளில் கிடைத்தது. எழுவருக்கும் சேவைச் சான்றிதழ் கிடைத்தது. ஒரு புதிய வகுப்புத் தொடங்கியபோது இருவரையும் ராத்தாவையும் திரும்ப அழைத்தார்கள். மற்ற நால்வருக்கும் வேலை கிடைக்கவில்லை. சேமலாப நிதி பற்றிய முறைப்பாடு தொழில் அலுவலகத்தில் இருக்கிறது. முழு வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு சகோதரியையும் சொல்ல வேண்டும். அவரை முந்தைய ஆண்டே நிறுத்தியிருந்தார்கள். "கூப்பிடுவோம்" என்ற வார்த்தையை நம்பி எட்டு மாதம் காத்திருந்தார். தொழில் நியாயசபைக்கு, வேலை நீங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அவர் எங்களிடம் வந்தபோது காலம் கடந்துவிட்டது.

ஆகவே, சகோதரிகளே, இவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனத்தில், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்த அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். இது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். 180 நாட்களாவது வேலை செய்திருக்க வேண்டும். அரச ஊழியருக்கு இது பொருந்தாது.

சம்பளத்திலிருந்து 8 சதவீதமும், தொழில் வழங்குநரிடமிருந்து 12 சதவீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குச் செல்ல வேண்டும். நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 சதவீதத்தைத் தொழில் வழங்குநர் செலுத்த வேண்டும். சில சிறிய தர்ம ஸ்தாபனங்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே தொழில் அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

ஊழியரில் 40 சதவீதத்தினருக்குக் குறையாதோரை உறுப்பினராகக் கொண்ட சங்கத்துடன் பேச மறுக்க, 1999ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி தொழில் வழங்குநருக்கு இடமில்லை.

'வருகைதரு' என்ற பெயரைக் கண்டு மனம் தளராதீர்கள். பெயரை விட, உண்மையில் எப்படி வேலை வாங்கினார்கள் என்பதுதான் முக்கியம். அதற்குச் சான்று வேண்டும். சம்பளச் சிட்டை, வரவுப் பதிவு, தொலைபேசிச் செய்தி எதையும் எறிந்துவிடாதீர்கள்.

நம்மில் பலர் 1990இல் உறுதிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களின் பிள்ளைகள். ஒரு கடதாசி இல்லாததால் வரும் கஷ்டத்தை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்று ராத்தாவின் சேவைச் சான்றிதழ் பிளாஸ்டிக் உறையில், அவருடைய அடையாள அட்டையோடு ஒரே பெட்டியில் இருக்கிறது. உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று இன்றே ஒரு தரம் திறந்து பாருங்கள்.