டிசம்பர் விடுமுறையும் ஆழிப்பேரலை அபாயமும்: கிரேட் நிக்கோபாரில் முன்னாள் படைவீரர்களின் நிலை என்ன?

ஸ்ரீ விஜயபுரம்: நிக்கோபார் தீவுகளில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டமும் ஆழிப்பேரலை நினைவு நாளும் அடுத்தடுத்த நாள்களில் வருகின்றன. டிசம்பர் 25 இரவு வரை தேவாலயங்களில் பாடல் ஒலிக்கும். மறுநாள் காலை உயிரிழந்தோருக்கு மெழுகுவர்த்தி ஏற்றப்படும். நாட்டின் தென்கோடியான கிரேட் நிக்கோபாரில் நிக்கோபாரிய மக்களோடு இந்த இரு நாள்களையும் சேர்த்தே கடப்பவர்கள், அங்கு அரசால் குடியமர்த்தப்பட்ட முன்னாள் படைவீரர்களின் குடும்பத்தினர்.

படைவீரர்கள் அங்கு சென்றது எப்படி?

கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனையிலிருந்து இந்தோனேசியாவின் சுமத்ரா தீவு அதிகத் தொலைவில் இல்லை. தீவின் தலைமையிடமான கேம்ப்பெல் பேயிலிருந்து, போர்ட் பிளேர் என அழைக்கப்பட்டு 2024 செப்டம்பரில் பெயர் மாற்றப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்திற்கோ 500 கிலோமீட்டருக்கும் அதிகமான கடல்வழி. இந்த எல்லைத் தீவில் இந்தியர்கள் நிலையாக வாழ வேண்டும் என்று கருதிய மத்திய அரசு, 1969 முதல் 1980 வரை ஏறத்தாழ 330 முன்னாள் படைவீரர் குடும்பங்களை அங்கு குடியேற்றியது. பஞ்சாப், தமிழ்நாடு, கேரளம், மகாராஷ்டிரம், ஆந்திரம் உள்ளிட்ட மாநிலங்களைச் சேர்ந்தவர்கள் இவர்கள்.

ஒவ்வொரு குடும்பத்திற்கும் பத்து ஏக்கருக்குக் குறையாத நிலம் வழங்கப்பட்டது. அது அடர்காட்டு நிலம். அதைத் திருத்தித் தென்னையும் பாக்கும் முந்திரியும் வைத்தனர். கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் எனக் கிழக்குக் கரையை ஒட்டி ஊர்கள் உருவாகின. துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகும் எல்லையில் குடியிருப்பதையே ஒரு பணியாக ஏற்றவர்கள் என்று இவர்களைச் சொல்லலாம். ஆயினும் கரையோரம் அமைந்த அந்த ஊர்களே பின்னாளில் அவர்களுக்கு ஆபத்தாயின.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்காகப் பல வீடுகளில் உறவினர்கள் தங்கியிருந்தனர். இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில் சுமத்ரா அருகே 9.1 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. கடலடிப் பிளவு தொடங்கிய இடத்தோடு நிற்கவில்லை; வடக்கு நோக்கி ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீண்டு, நிக்கோபாரையும் அந்தமானையும் ஒட்டிச் சென்றது.

இதன் பொருள் முக்கியமானது. நாகப்பட்டினத்தை அலை எட்டுவதற்கு இரண்டு மணி நேரத்திற்கும் மேல் ஆனது. எச்சரிக்கை மட்டும் கிடைத்திருந்தால் தமிழகக் கடற்கரையில் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றியிருக்க முடியும். கிரேட் நிக்கோபாருக்குக் கிடைத்ததோ அரை மணி நேரத்திற்கும் குறைவான அவகாசம். பூமி குலுங்கியதும் மேற்கே உள்ள காட்டுக் குன்றுகளை நோக்கி ஓடியவர்கள் பிழைத்தனர்.

தீவின் நிலமும் தாழ்ந்தது. இந்திரா முனையில் நிலம் சுமார் 4.25 மீட்டர் இறங்கியதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. 1972இல் கரையில் நிறுவப்பட்ட கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி இன்று கடல்நீரில் நிற்கிறது. படைவீரர்கள் முப்பது ஆண்டுகள் வளர்த்த தோப்புகளும் வீடுகளும் நீருக்குள் போயின. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் பெரும்பகுதி அழிந்தது. உயிர் தப்பியவர்கள் கேம்ப்பெல் பே பகுதியில் தகரக் கொட்டகைகளில் பல ஆண்டுகள் வாழ்ந்த பின்னரே நிரந்தர வீடுகளுக்கு மாறினர்.

சைரன் ஒலிக்கும் வரை காத்திருக்கலாமா?

இந்தப் பேரழிவைத் தொடர்ந்து, ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைகளுக்கான தேசிய மையத்தில் 2007 அக்டோபரில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. நில அதிர்வுமானிகள், கடலடி அழுத்தமானிகள், கரையோர அலைமானிகள் ஆகியவற்றின் தரவைக் கொண்டு, நிலநடுக்கம் ஏற்பட்ட சுமார் 10 நிமிடங்களில் முதல் அறிக்கையை வெளியிடுவது அதன் பணி. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது நிக்கோபாருக்கு உடனடியாக எச்சரிக்கை விடுக்கப்பட்டது. நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை.

எனினும் கணக்கு எளிது. அறிக்கை வெளியாக 10 நிமிடங்கள். அது மாவட்ட நிர்வாகம் வழியாக ஊருக்கு வந்துசேர மேலும் சில நிமிடங்கள். மீதமுள்ள நேரத்தில் எண்பது வயதுக்காரர் ஒருவர் மேடேற வேண்டும். முதலில் குடியேறியவர்களுள் இன்று உயிருடன் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்த வயதினரே. ஆகவே நிக்கோபாரில் வலுவான, நீண்ட குலுக்கல்தான் முதல் எச்சரிக்கை. நிற்க முடியாத அளவுக்கு நிலம் அதிர்ந்தாலோ கடல் திடீரென உள்வாங்கினாலோ, அறிவிப்பை எதிர்பாராமல் உயரமான இடத்திற்குச் செல்ல வேண்டும் என்பதே பேரிடர் மேலாண்மை வல்லுநர்கள் கூறும் நடைமுறை. முதல் அலை வடிந்ததும் பொருள்களை எடுக்கத் திரும்பக் கூடாது. அடுத்த அலைகள் அதைவிடப் பெரிதாக இருக்கக்கூடும்.

விடுமுறைக் காலத்தில் இது கூடுதல் கவனத்தைக் கோருகிறது. வெளியூரிலிருந்து வரும் பேரக்குழந்தைகளுக்கும் விருந்தினருக்கும் மேட்டுக்குச் செல்லும் வழி தெரியாது. வந்த முதல் நாளே பகலில் ஒருமுறை அந்த வழியில் அழைத்துச் சென்று காட்டுவது நல்லது. நடக்க இயலாத முதியவரை யார் தூக்கிச் செல்வது என்பதையும் முன்பே பேசி வைக்கலாம். டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, முன்னாள் படைவீரர் மருத்துவ அட்டை, அன்றாட மருந்துகள் ஆகியவை கதவருகே ஒரே பையில் இருக்கட்டும். 2004இல் ஆவணங்களை இழந்தவர்கள் நிவாரணத்திற்காக அலைந்த அலைச்சல் தனிக்கதை.

கடற்கரைக்குச் செல்வோர் இன்னொன்றையும் மறக்கலாகாது. நிலம் தாழ்ந்த இடங்களில் உப்புநீர் புகுந்து சதுப்பு உருவாகியுள்ளது; உவர்நீர் முதலைகளுக்கு அது ஏற்ற இடம். ஓடைகள் கடலில் சேரும் இடங்களில் குளிப்பதைத் தவிர்க்க வேண்டும்.

மருந்தும் கப்பலும்

அன்றாட வாழ்வில் இவர்களின் பெருங்கவலை தொலைவு. சிறப்புச் சிகிச்சைக்கு ஸ்ரீ விஜயபுரம் செல்ல வேண்டும். கப்பலில் இடம் கிடைப்பது வானிலையையும் கூட்டத்தையும் பொறுத்தது. டிசம்பரில் இரண்டுமே சிக்கல்தான். 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட சென்னை-அந்தமான் கடலடிக் கண்ணாடியிழை வடம் கிரேட் நிக்கோபாரையும் இணைத்ததால் இணைய வசதி மேம்பட்டுள்ளது. ஆண்டுதோறும் நவம்பரில் அளிக்க வேண்டிய வாழ்நாள் சான்றிதழை இணையவழியில் பதிவு செய்யவும் இது உதவும்.

இந்நிலையில் அத்தீவில் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், புதிய நகரம் ஆகியவற்றை அமைக்கும் பெருந்திட்டத்திற்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. விமான நிலையத்திற்குத் தேவைப்படும் நிலத்தில் சாஸ்திரி நகர், காந்தி நகர் பகுதிகளில் படைவீரர் குடும்பங்களுக்கு வழங்கப்பட்ட நிலங்களும் அடங்கும். ஒருமுறை கடலிடம் நிலத்தை இழந்த குடும்பங்கள், எஞ்சிய நிலத்திற்கு எவ்வளவு இழப்பீடு, அடுத்த வீடு எந்த மேட்டில் என்ற இரு கேள்விகளுக்கும் விடை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன.