நெடும் பயணத்தில் ஓய்வு நாள்

மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் செல்ல விழைவோர் வழியையும் பெற்றோலையும் தங்கும் வாடிவீட்டையும் முன்னரே திட்டமிடுவர். ஓய்வு நாளை மட்டும் மறந்துவிடுவர். கிடைத்த விடுமுறையோ பத்து நாள். அதில் ஒரு நாளைச் சும்மா கழிப்பதா என்பது அவர்தம் வினா. நாமும் ஒருகால் அவ்வாறே எண்ணினோம். அவ்வெண்ணத்தின் விலையை நம் வகுப்புத் தோழர் ஒருவர் கொடுத்தார்.

பழைய மாணவர் நால்வர் யாழ்ப்பாணத்தினின்றும் புறப்பட்டு இலங்கையைச் சுற்றிவரக் கருதினோம். கண்டி வரையுள்ள 321 கிலோமீற்றரை ஒரே பகலிற் கடந்தோம். மறுநாள் நுவரெலியா, மூன்றாம் நாள் எல்ல வழியாக வெல்லவாய, நான்காம் நாள் பொத்துவிலைக் கடந்து மட்டக்களப்பு நோக்கி விரைந்தோம். மாலை வேளை, நேரான வீதி, வாகனமும் அதிகமில்லை. பின்னே வந்த தோழர் மெல்ல ஓரத்துக்கு ஒதுங்கி, மணலிற் சறுக்கி வீழ்ந்தார். தோளெலும்பு முறிந்தது. "கண் மூடியது எனக்கே தெரியாது" என்று மட்டும் அவர் கூறினார்.

அவர் கூறியது உண்மையே. சோர்ந்த மூளை தன்னையறியாமற் சில விநாடி உறங்கிவிடும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் மூன்று விநாடி என்பது 50 மீற்றர் தூரம். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயற்றிறன், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் நிலைக்குத் தாழ்வதை 1997 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் காட்டினர். மோட்டார் சைக்கிளில் இருப்பவரோ காற்றையும் வெயிலையும் அதிர்வையும் நாள் முழுவதும் தாங்குகின்றார். வியர்வையைக் காற்று உடனே உலர்த்துவதால், உடல் நீர் இழப்பதையும் அவர் உணரார். குறைந்த உறக்கம் கடன்போல நாளுக்கு நாள் ஏறும். தேநீர் அக்கடனைத் தள்ளிப்போடுமேயன்றித் தீர்க்காது.

ஆகவே மூன்று அல்லது நான்கு நாட் பயணத்தின்பின் ஒரு நாள் ஓய்தல் வேண்டும். அந்நாள் கடினமான பகுதிக்கு முன்னர் அமைதல் நன்று. இரண்டு ஆண்டுகளின்பின் அதே நால்வரும் மீண்டும் புறப்பட்டபோது பண்டாரவளையில் நின்றோம். 1,200 மீற்றருக்கு மேற்பட்ட உயரமாதலின் அங்கே வெயிலின் கடுமை இல்லை. இரவில் நல்லுறக்கம் வரும். மேலும், எல்லவிலிருந்து வெல்லவாய வரை வீதி வளைந்து வளைந்து ஏறத்தாழ 800 மீற்றர் இறங்குகின்றது. அங்கே பிறேக்கை ஓயாது பிடித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் இயந்திரமே வேகத்தைத் தாங்குமாறு இறங்க வேண்டும். அதற்குத் தெளிந்த கண்ணும் களைப்பற்ற கையும் வேண்டுமன்றோ!

இயந்திரத்திற்கும் ஓய்வு நாள் தேவை. ரயரின் காற்றழுத்தத்தை அது குளிர்ந்திருக்கும்போதே சரியாக அளக்கலாம். ஓடிச் சூடேறிய ரயர் மிகுத்துக் காட்டும். செயினின் தளர்வு, ஒயிலின் அளவு, பிறேக் கட்டைகளின் தேய்வு என்பனவற்றையும் அவசரமின்றிப் பார்க்கலாம். பண்டாரவளையில் காலையில் நம் பின் ரயரொன்றிற் காற்றுக் குறைந்திருந்தது. தேடியபோது ஒரு சிறு ஆணி அகப்பட்டது. முன்பு போல் விரைந்திருந்தால், அவ்வாணியுடனேயே அம்மலையிறக்கத்தில் இறங்கியிருப்போம்.

ஓய்வு நாளில் மோட்டார் சைக்கிளைத் தொடாதிருத்தல் முக்கியம். "அருகிலேதானே" என்று ஹோட்டன் சமவெளிக்கு ஓடுவது ஓய்வாகாது. காலையில் தாராளமாக உறங்குக, உடுப்புகளைத் தோய்த்து உலர்த்துக, நீர் நிறையப் பருகுக, புகையிரத நிலையம் வரை காலாற நடந்து வருக, வீட்டாருடன் பேசுக. பத்து நாள் விடுமுறையாயின், இரண்டு நாளை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, எஞ்சிய எட்டு நாளுக்கே வழி வகுத்தல் வேண்டும்.

கல்லூரியிலே இடைவேளை மணி அடித்தபோது பாடம் குறைந்ததென்று நாம் ஒருவரும் வருந்தியதில்லை. வீதியில் அம்மணியை அடிப்பார் இலர். நாமே அடித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் பயணத்தில் நால்வரும் நலமே வீடு திரும்பினோம். ஒரு நாள் பிந்தியே வந்தோம். அதுபற்றி எவரும் எம்மைக் குறைகூறவில்லை.