மீன்தொட்டியை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

முழுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்ததுமே ஊருக்குக் கிளம்பும் பேச்சு ஆரம்பமாகிவிடும். பழனி, திருச்செந்தூர், அப்படியே கன்னியாகுமரி என்று ஒரு சுற்று. முடிந்தால் வால்பாறையில் இரண்டு நாள். பால்காரரிடம் சொல்லியாச்சு, பேப்பரை நிறுத்தியாச்சு, துளசிச் செடிக்குப் பக்கத்து வீட்டு அக்கா தண்ணி ஊத்திடுவாங்க. எல்லாம் முடிந்து பெட்டியைப் பூட்டும்போதுதான் கூடத்தில் இருக்கும் கண்ணாடித் தொட்டி கண்ணில் படும். "அம்மா, மீனுக்கு யாரும்மா சாப்பாடு போடுவாங்க?" என்று சின்னது கேட்கும்.

தோழிகளே, முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நன்றாக வளர்ந்த, நோய்நொடி இல்லாத மீன் நாலைந்து நாள் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு வாரம்கூடத் தாங்கும். நம்மைப் போல உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளத் தின்ன வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. தண்ணீரில் என்ன சூடோ, கிட்டத்தட்ட அதுதான் அதன் உடம்பிலும். தங்கமீனுக்கு இரைப்பை என்று ஒன்றே கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போய்விடும். அதனால்தானோ என்னவோ, எப்போது பார்த்தாலும் பட்டினி கிடந்த மாதிரி வாயைத் திறந்துகொண்டு கண்ணாடி ஓரம் வந்து நிற்கும். அந்த நடிப்பை நம்பிவிடக் கூடாது. வெள்ளி ராத்திரி கிளம்பித் திங்கள் காலை திரும்புகிறவர்கள் யாரையும் தொந்தரவு செய்யவே வேண்டாம்.

பசியால் செத்த மீனைவிடப் பாசத்தால் செத்த மீன்தான் அதிகம். எங்கள் தெருவில் நடந்ததையே சொல்கிறேன். ஒரு வீட்டில் பதினொரு தங்கமீன் வளர்த்தார்கள். ஆறு நாள் ராமேஸ்வரம் போனபோது சாவியையும் தீனி டப்பாவையும் எதிர்வீட்டுப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். "நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க கண்ணு, நாம் பாத்துக்கறேன்" என்றார் பாட்டி. பார்த்துக்கொள்ளவும் செய்தார், காலை, மதியம், ராத்திரி என்று மூன்று வேளையும்! வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்பாத ஊர் நம்முடையது. அந்தக் கை மீனுக்கு மட்டும் சுருங்குமா? மூன்றாம் நாள் தொட்டித் தண்ணீர் அரிசி கழுவின தண்ணி மாதிரி ஆகிவிட்டது. ஐந்தாம் நாள் ஒன்றுகூட உயிரோடு இல்லை. பாட்டி பயந்துபோய், பேரனைக் கடைக்கு அனுப்பிப் பதினொரு மீன் வாங்கிவந்து விடச் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுப் பெண் குழந்தை உள்ளே வந்து ஒரு பார்வை பார்த்ததுமே, "இது எங்க மீன் இல்லை" என்று அழ ஆரம்பித்துவிட்டது. "பாவமுங்க, வாயத் தொறந்துட்டே பாத்துதுங்க, அதான் இன்னுங் கொஞ்சம் போட்டனுங்க" என்று பாட்டியும் அழுதார். அதற்கப்புறம் தீபாவளிப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்கும் வரைக்கும் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. எனக்குக் கேட்டால், பாட்டி பேரில் குற்றம் இல்லை. அளவு சொல்லாமல் டப்பாவை முழுசாகக் கொடுத்துவிட்டுப் போனதுதான் வினை.

தொட்டிக்குள் நடப்பது இதுதான். மீன் தின்னாமல் விட்ட தீனியும் அதன் கழிவும் அழுகி அமோனியா ஆகிறது. அது மீனுக்கு விஷம். ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அந்த அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டால் அவ்வளவு கெடுதல் இல்லை. நாம் தினமும் போடும் தீனிக்குத் தக்கபடிதான் அந்தப் பாக்டீரியாவும் பெருகியிருக்கும். ஒரேயடியாக நாலு மடங்கு கொட்டினால் அதனால் எப்படிச் சமாளிக்க முடியும்? பத்துப் பேருக்குச் சமைக்கும் அடுப்பில் கல்யாணச் சமையலைத் தூக்கிவைத்த கதைதான்.

ஆகவே பத்து நாளுக்கு மேல் போவதாக இருந்தால் மட்டும் ஆள் வையுங்கள். வைத்தால், பொட்டலம் கட்டிக் கொடுங்கள். அந்தக் காலத்து டாக்டர்கள் பொடியைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. ஒரு பொட்டலத்தில் மீன்கள் இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவு. மேலே 'செவ்வாய்', 'வெள்ளி' என்று எழுதிவிடுங்கள். மூன்று நாளுக்கு ஒன்று போதும். டப்பாவை அலமாரிக்குள் பூட்டிவிடுங்கள். இதில் கூச்சப்படவே வேண்டாம். "ஏனுங்கக்கா, இதுக்கு மேல போட்டா செத்துப் போயிருமுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். செத்த மீன் கண்ணில் பட்டால் உடனே வலையால் எடுத்துவிடவும் சொல்லிவையுங்கள். அது உள்ளேயே கிடந்து அழுகினால் மற்றதையும் கொண்டுபோய்விடும். இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. தினம் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் தண்ணீர் கலங்குகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

கடையில் விடுமுறைத் தீனி என்று சாக்கட்டி மாதிரி வெள்ளையாக ஒன்று விற்கிறார்கள். தண்ணீரில் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து உள்ளே இருக்கும் தீனி வெளியே வரும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பல மீன்கள் அதைச் சீண்டுவதே இல்லை. கரைந்தது அடியில் தங்கித் தண்ணீரைக் கெடுக்கிறது. அதைவிட, பேட்டரியில் சுற்றித் தானாகத் தீனி போடும் டப்பா தேவலை. ஆனால் அதை ஒரு வாரம் முன்னாலேயே மாட்டி, எவ்வளவு விழுகிறது என்று பார்த்துவிட வேண்டும். ஈரக்காற்று பட்டால் தீனி கட்டிதட்டி ஓட்டை அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் இது சகஜம். தங்கமீன் வைத்திருப்பவர்கள் இரண்டு கொத்து ஹைட்ரில்லா பாசியைப் போட்டுவிட்டுப் போகலாம். பசித்தால் கடித்துக்கொள்ளும்.

தீனியைவிடக் கவலைப்பட வேண்டியது கரண்ட். ஊருக்குப் போகும்போது கேஸை மூடி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அணைத்தால் தொட்டி மோட்டாரும் நின்றுவிடும் என்பது பஸ் ஒண்டிப்புதூரைத் தாண்டின பிறகுதான் ஞாபகம் வரும். மற்ற சுவிட்சுகளைத் தனித்தனியே அணைத்து, தொட்டிக்குப் போவதை மட்டும் விட்டுவையுங்கள். அந்தச் சுவிட்சின் மேல் 'அணைக்காதே' என்று ஒரு சீட்டு ஒட்டுவதும் நல்லது. இன்வெர்ட்டர் இருந்தால் காற்று மோட்டாரை அந்த லைனில் மாட்டுங்கள். 2012-ல் கோவையில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். இப்போது அப்படி இல்லைதான். ஆனாலும் மே மாதக் கோடைமழையில் ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தால் போதுமே! கரண்ட் போனதும் தானாக ஓட ஆரம்பிக்கும் பேட்டரி மோட்டார் கடைகளில் கிடைக்கிறது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. காற்று மோட்டாரைத் தொட்டித் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்திருந்தால், கரண்ட் நின்றதும் தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி இறங்கி மோட்டாருக்குள்ளும் தரையிலும் கொட்டும். மோட்டாரைத் தொட்டியைவிட உயரத்தில் வையுங்கள், இல்லையென்றால் குழாயில் தண்ணீரைத் திரும்ப விடாத சின்ன வால்வு ஒன்று மாட்டுங்கள். ஒயரும் பிளக்கிலிருந்து ஒரு வளைவு கீழே தொங்கி மேலே போகட்டும். அப்போதுதான் ஒயரில் வழியும் சொட்டு பிளக்குக்குள் போகாது. பூட்டிய வீடு, பயமில்லாமல் இருக்க வேண்டாமா?

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். கிளம்பும் அன்று அவசர அவசரமாகத் தொட்டியைக் காலி செய்து, கல்லையும் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவிவைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். நல்ல பாக்டீரியா அத்தனையும் அந்தக் கழுவலிலேயே போய்விடும். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் முழுசாக ஊற்றினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். அதில் ஒரு குடம் எடுத்து ஒரு குடம் ஊற்றுகிற வேலைதான். நம்ம சிறுவாணித் தண்ணி ருசிக்குப் பேர்போனதுதான், அது மனுஷருக்கு. குழாயில் குளோரின் கலந்து வருவது மீனின் செவுளுக்கு ஆகாது. ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள், அல்லது குளோரின் எடுக்கும் மருந்து இரண்டு சொட்டு விடுங்கள். ஒரு காலத்தில் போட்டோ ஸ்டுடியோவில் வைத்திருந்த 'ஹைப்போ' உப்பு இருக்கிறதே, அந்த மருந்தில் பெரும்பாலும் அதுதான். குழாய்த் தண்ணி வரவில்லையே என்று போர் தண்ணியைத் திடீரென்று மாற்றி ஊற்றாதீர்கள். உப்பும் சுண்ணாம்பும் ஏறின தண்ணியை கப்பி, மோலி தாங்கும், ஆனால் பழக்கமில்லாத மீனுக்கு அது பெரிய அதிர்ச்சி.

சித்திரை வெயிலில் ஜன்னலெல்லாம் சாத்திய வீடு அடுப்பு மாதிரிதான். தண்ணீர் சூடேறினால் அதில் தங்கும் பிராணவாயு குறையும். வெயில் விழும் ஜன்னலுக்குத் திரை போடுங்கள், தொட்டி விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள். பத்து நாள் விளக்கு எரிந்தால் கண்ணாடி பூராவும் பாசி பிடித்துவிடும். மூடி கட்டாயம் வேண்டும், காற்றுக்கு இடைவெளி விட்டு. ஃபைட்டர் எகிறிக் குதித்து வெளியே விழும், பல்லி உள்ளே விழும். பூனையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

குஞ்சு பொரித்திருக்கும் வீட்டில் மட்டும் இந்தப் பட்டினிக் கணக்கு செல்லாது. குஞ்சுகளுக்குத் தினம் பல வேளை தீனி வேண்டும். மீன் வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் குஞ்சுத் தொட்டியை அப்படியே ஒப்படைப்பதுதான் வழி. புது மீன் வாங்குவதையும் ஊரிலிருந்து வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். புதுசு நோயோடு வந்திருந்தால் நீங்கள் ரயிலில் இருக்கும்போதுதான் தெரியவரும்.

வளர்க்க முடியவில்லை, உக்கடம் குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்குகிறோமே, அந்த சக்கர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. இப்படி விட்டுவிட்டுத்தான் தமிழ்நாட்டின் பல ஏரி குளங்களில் பெருகி, மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், எடுத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் பிள்ளையின் சிநேகிதர் வீட்டுக்குக் கொடுங்கள்.

ஊரிலிருந்து வந்ததும் பாவம் பசியோடு இருக்கும் என்று கைநிறைய அள்ளிப் போடாதீர்கள். முதலில் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், மீன்களை எண்ணுங்கள். நாற்றம் இருந்தால் கால் பங்குத் தண்ணீரை மாற்றிவிட்டு அன்றைக்குத் தீனியே வேண்டாம். நன்றாக இருந்தால் ஒரு சிட்டிகை போதும். மிச்சத்தை மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

- ஒரு வாசகி, பீளமேடு, கோவை.