யந்திரம் ஏன் நின்றது?

பெங்களூரு நகரின் வடமேற்கே, துமகூரு சாலையை ஒட்டிப் பீன்யா தொழிற்பேட்டை பரந்து கிடக்கிறது. தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ்களும், இரும்பைக் கடையும் லேத்துகளும் அங்கே இரவு பகலாக ஓடுகின்றன. 1953-ஆம் ஆண்டில் எச்.எம்.டி. நிறுவனம் இந்நகரில் தோன்றியது. 1962-இல் மத்திய யந்திரக் கருவி நிலையம் துமகூரு சாலையில் நிறுவப்பட்டது. இவற்றால் யந்திரத் தொழில் இங்கே ஆழ வேரூன்றியது. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர்ப் பகுதிகளிலிருந்து வந்து அத்தொழிலில் மின்பணியாளராகவும் பிரஸ் ஆபரேட்டராகவும் வாழ்க்கை நடத்தும் தமிழர் பலர். அவர்களுக்கும், புனே, ஆமதாபாத், பரீதாபாத் முதலிய ஊர்களில் இதே தொழிலைச் செய்துவரும் நம்மவருக்கும் அன்றாடம் எதிர்ப்படும் ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்வோம். ஓடிக்கொண்டிருந்த யந்திரம் திடீரென்று நின்றுவிடுகிறது. பாதுகாப்புப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. மறுபடி ஓட்டினால் ஓட மறுக்கிறது. அது ஏன் நின்றது? அதை எவ்வாறு கண்டறிவது?

முதலில் ரிலே என்பது யாது என்று பார்ப்போம். கம்பிச் சுருள் ஒன்றில் மின்னோட்டம் பாய்ந்தால் அது காந்தமாகி, அருகிலுள்ள இரும்பு நாவைத் தன்பால் இழுக்கும். நா அசையும்போது அதனோடு இணைந்த தொடுமுனைகள் மூடிக்கொள்ளும். மின்னோட்டம் நின்றால் ஸ்பிரிங் நாவைப் பழைய நிலைக்குத் தள்ளிவிடும். பாதுகாப்பு ஏற்பாட்டில் இந்த எளிய கருவியை ஒரு விதியின்படி பயன்படுத்துகிறோம். மின்சாரம் இருப்பது 'ஓடலாம்' என்ற அனுமதி. மின்சாரம் இல்லாமை 'நில்' என்ற கட்டளை. கம்பி அறுந்தாலும், பியூஸ் போனாலும், சுருள் கருகினாலும் யந்திரம் நின்றுவிடுமேயன்றித் தானாக ஓடாது. 1872-இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் இரயில் பாதையில் மின்சுற்று அமைத்து சிக்னல்களை இயக்கியபோது கைக்கொண்டதும் இதே விதிதான்.

இன்றைய பிரஸ்ஸில் ஆபரேட்டரின் கைக்கு முன்னால் ஒளித்திரை ஒன்று இருக்கும். அருகே அவசர நிறுத்தப் பொத்தான் இருக்கும். கை ஒளித்திரையைக் கடந்தால் அச்செய்தி பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக் கருவிக்குச் செல்கிறது. அக்கருவி தன் வெளியீட்டுப் பெட்டியிலிருந்து ரிலேக்களுக்குச் செல்லும் 24 வோல்ட் மின்சாரத்தை உடனே நிறுத்துகிறது. ரிலேக்கள் விடுபட, பிரஸ்ஸின் கிளட்ச் வால்வு மூடிக்கொள்கிறது, ரேம் நின்றுவிடுகிறது. விரல்கள் தப்புகின்றன.

ஆனால் ரிலேக்கு ஒரு நோய் உண்டு. தொடுமுனைகள் திறக்கும்போது அவற்றினிடையே தீப்பொறி எழுகிறது. தாங்கும் அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் சென்றால் முனைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது சுருளில் மின்சாரம் நின்றாலும் முனைகள் திறவா. இதற்கு மாற்றாகத்தான் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரிலேக்களை வைக்கிறார்கள். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றொன்று திறந்து யந்திரத்தை நிறுத்திவிடும்.

எனினும் முதல் ரிலே ஒட்டிக்கொண்டதை நாம் அறியாமல் இருந்தால் பயன் என்ன? ஒரு நாள் இரண்டாவதும் ஒட்டிக்கொள்ளுமல்லவா? ஆகையால் பாதுகாப்பு ரிலேயின் தொடுமுனைகளை ஒரே நுகத்தில் பூட்டிய காளைகளைப்போல் இணைத்திருக்கிறார்கள். மூட வேண்டிய முனை ஒட்டிக்கொண்டு திறவாவிட்டால், அதற்கு எதிராக வேலை செய்யும் மற்ற முனை மூடவே முடியாது; குறைந்தது அரை மில்லிமீட்டர் இடைவெளி அங்கே நின்றுவிடும். இரு ரிலேக்களின் இத்தகைய எதிர்முனைகள் வழியாக ஒரு கம்பி பெட்டிக்குத் திரும்பி வருகிறது. தொழிற்கூடத்தில் இதை ஃபீட்பேக் என்பர். நாம் இதைச் சாட்சிக் கம்பி என்றே சொல்வோம். 'இரண்டு ரிலேக்களும் விடுபட்டன' என்று இந்தச் சாட்சி சொன்னாலன்றிப் பெட்டி மறுபடி ஓட அனுமதிப்பதில்லை.

இனிக் கோளாறுகளைப் பார்ப்போம். எதற்கும் முன்னதாக யந்திரத்தை நிறுத்தி, மெயின் சுவிட்சைப் பூட்டி, ரேம் இறங்காதவாறு அதனடியில் முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். மின்சாரத்தோடு அளந்தே தீரவேண்டிய இடத்தில், அதற்குரிய பயிற்சி பெற்றவர் மட்டுமே அளக்கட்டும். முட்டுக்கட்டை அப்போதும் இருக்கட்டும்.

முதலாவது, யந்திரம் நின்றபின் மறுபடி ஓட மறுப்பது. பெரும்பாலும் இது சாட்சிக் கம்பியின் மௌனமே. மின்சாரம் இல்லாத நிலையில் இரு ரிலேக்களின் எதிர்முனைகளையும் ஓம் மீட்டரால் சோதித்தால், எது மூடவில்லையென்று தெரிந்துவிடும். திருகு தளர்ந்திருந்தால் இறுக்கிவிடலாம். முனை ஒட்டியிருந்தால் அதே வகை ரிலேயை மாற்ற வேண்டும். திருப்புளியின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினால் ஒட்டிய முனை விடுபடுவது உண்டு, யந்திரமும் ஓடும். ஆனால் ஒருமுறை உருகிய முனை மறுமுறையும் உருகும். மாற்றியதோடு வேலை முடிந்ததாகவும் எண்ணலாகாது. அந்த முனை ஏன் உருகியது? பியூஸ் உரிய அளவினதா? பெரிய காண்டாக்டரின் சுருளைச் சிறிய ரிலே தூக்கிச் சுமக்கிறதா? இவற்றைக் காணாமல் விட்டால் புதிய ரிலேயும் சில மாதங்களில் அதே கதியை அடையும்.

இரண்டாவது, காரணமின்றி அவ்வப்போது நின்றுவிடுவது. வெளியீட்டுப் பெட்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் இயல்புடையது. பெரும்பாலும் ஒரு மில்லி விநாடிக்கும் குறைந்த நேரத்திற்கு மின்சாரத்தை நிறுத்தி, 'என்னால் நிறுத்த முடிகிறதா?' என்று பார்த்துக்கொள்கிறது. ரிலேயின் இரும்பு நா அத்தனை விரைவில் அசையாதாகையால் யந்திரத்திற்கு இது தெரிவதில்லை. ஆனால் கம்பி மிக நீளமாயிருந்தால் அதில் தேங்கும் மின்னேற்றம் அந்தச் சிறு கணத்தில் வடிந்து தீராது. வேறொரு 24 வோல்ட் கம்பி காப்பு உரிந்து இதன்மேல் பட்டாலும் மின்சாரம் நின்றதாகத் தோன்றாது. 'நிறுத்தியும் நிற்கவில்லையே' என்று பெட்டி அஞ்சிப் பூட்டிக்கொள்ளும். கம்பியைச் சுருக்குவதும், தனிக் குழாயில் கொண்டுசெல்வதும், காப்பைச் சோதிப்பதும் இதற்கு மருந்து. இதற்கு மாறாக, மிக நுண்ணிய மின்னணு ரிலேயை இணைத்துவிட்டால் அது அச்சிறு சோதனைக்கே ஆடத் தொடங்கும். பெட்டியைச் செய்தவர் ஏற்ற ரிலே வகையையே இணைப்பது முறை.

மூன்றாவது, மின்னழுத்தக் குறைவு. பெட்டியின் வாயிலில் 24 வோல்ட் இருந்தும் ரிலேச் சுருளின் ஏ1, ஏ2 முனைகளில் குறைந்திருக்கலாம். மெல்லிய கம்பி, தளர்ந்த திருகு, துண்டித்த பூஜ்ய வோல்ட் கம்பி ஆகியவை காரணமாகும். ரிலே இழுத்திருக்கும் நிலையில் சுருளின் முனையிலேயே அளக்க வேண்டும். சுமையில்லாத வெளியீட்டில் டிஜிட்டல் மீட்டரை வைத்தால், நிறுத்தப்பட்ட நிலையிலும் சிறு கசிவினால் அது வோல்ட் காட்டும். அதைக் கண்டு பெட்டி கெட்டதென்று முடிவு கட்டலாகாது.

நான்காவது கோளாறு கண்ணுக்குத் தெரியாதது. சுருளில் மின்சாரம் நிற்கும்போது எழும் அதிர்வழுத்தம் பெட்டியைத் தாக்காதிருக்கச் சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடு வைப்பர். நல்லதே. ஆனால் சாதாரண டயோடு ரிலே விடுபடுவதைத் தாமதப்படுத்தும். இத்தாமதம் சிறிதென்று தோன்றலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒளித்திரையை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதற்கான உலகத் தரவிதி, அருகிலிருந்து நீளும் மனிதக் கையின் வேகத்தை விநாடிக்கு 2 மீட்டர் என்று கொள்கிறது. ரிலே 50 மில்லி விநாடி தாமதித்தால் அதற்குள் கை 10 சென்டிமீட்டர் முன்னேறிவிடும். ஆகவே ரிலேயையோ டயோடையோ மாற்றியவர், யந்திரம் நிற்கும் நேரத்தை மறுபடி அளந்து, தேவையானால் ஒளித்திரையைத் தள்ளி வைக்க வேண்டும்.

இத்தனையும் பொறுமை வேண்டும் வேலை. தொழிற்கூடத்திலோ பொறுமைக்கு நேரமில்லை. ஆர்டர் காத்திருக்கிறது, மேற்பார்வையாளர் தலைமேல் நிற்கிறார். அப்போது எவரோ ஒருவர், 'ஃபீட்பேக்கில் ஒரு ஜம்பர் போடு. ஷிப்டு முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார். ஒரு விரற்கடைக் கம்பித் துண்டு, யந்திரம் ஓடிவிடுகிறது. ஆனால் அந்தக் கம்பி செய்தது என்ன? சாட்சியைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டு, எப்போதும் 'ஆம், ஆம்' என்று சொல்லும் பொய்ச் சாட்சியை அங்கே ஏற்றிவிட்டது. ஒரு ரிலே ஏற்கெனவே ஒட்டியிருக்கிறது. மற்றொன்றும் ஒட்டும் நாளில் ஒளித்திரை கத்தினாலும் பொத்தான் அழுந்தினாலும் ரேம் நில்லாது. அதன் முன்னால் இருப்பது பெரும்பாலும் ஜம்பர் போட்டவரின் கையன்று. அடுத்த ஷிப்டில் வந்து ஏதும் அறியாமல் அமர்ந்த மற்றொருவரின் கை.

பொய்ச் சாட்சியின் விலையை நம் நாடு 2023 ஜூன் 2-ஆம் நாள் கண்டது. ஒடிசா மாநிலத்தில் பாலேசுவரத்தை அடுத்த பஹாநகா பஜார் நிலையத்தில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ்ஸுக்கு நேர்ப்பாதையில் செல்லுமாறு பச்சை விளக்கு காட்டிற்று. தண்டவாளமோ கிளைப்பாதைக்குத் திருப்பப்பட்டிருந்தது. வண்டி அங்கே நின்ற சரக்கு வண்டியில் மோதிற்று; சிதறிய பெட்டிகள் பெங்களூரிலிருந்து ஹௌரா சென்ற வண்டியையும் தாக்கின. 290-க்கு மேற்பட்டோர் மாண்டனர். முன்னொரு காலத்தில் அடையாள விளக்கின் மின்சுற்றை மாற்றியமைத்ததிலும், லெவல் கிராசிங் தடுப்புக் கம்பத்தை மாற்றும் பணியிலும் நேர்ந்த குறைகளே காரணமென்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. பிரஸ்ஸுக்கும் இரயிலுக்கும் அளவில் எவ்வளவோ வேற்றுமை உண்டு. ஆனால் உண்மை நிலையைச் சொல்ல வேண்டிய கம்பி வேறொன்றைச் சொன்னால் என்ன நேரும் என்பது இரண்டிற்கும் பொதுவே.

ஆகையால் பழுது பார்த்தபின் மூன்று சோதனைகளைச் செய்யாமல் யந்திரத்தை ஒப்படைக்கலாகாது. அவசரப் பொத்தானை அழுத்தினால் நிற்கிறதா? ஒரு கோலினால் ஒளித்திரையை மறைத்தால் நிற்கிறதா? சாட்சிக் கம்பியை வேண்டுமென்றே கழற்றிவைத்தால் ஓட மறுக்கிறதா? மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகின்றனர். ஜம்பர் ஒளிந்திருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது அதுவே. பிறகு கண்டதையும் செய்ததையும் தேதியிட்டுப் பதிவேட்டில் எழுதி, அடுத்த ஷிப்டுக்கு வருபவரிடம் வாய்மொழியாகவும் சொல்ல வேண்டும்.

பீன்யாவில் ஒரே பிரஸ்ஸைக் கன்னடரும் தமிழரும் தெலுங்கரும் வடநாட்டினரும் மாறிமாறி ஓட்டுகின்றனர். மின்பெட்டியின்மேல் கன்னடத்தில் 'அபாய' என்று எழுதியிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். நம் மொழியிலும் அச்சொல் அதுவே. சொல்லித் தருவதற்கு மொழி தடையாகாது. யந்திரம் நின்றால் அதைக் குறை கூறாமல், அது ஏன் நின்றது என்று கேட்போம். அக்கேள்விக்கு விடை கிடைக்கும்வரை அது நின்றே இருக்கட்டும்.