ஓட வைப்பது எளிது, நிறுத்துவதுதான் கஷ்டம்

பழைய கார் மோகம் பெருகுகிறது. பிரேக்குக்கு உதிரி பாகம் தேடி ஹைதராபாத் சந்தைகளில் அலைகிறார்கள் உரிமையாளர்கள்.

ஹைதராபாத் சௌமஹல்லா அரண்மனையில் மஞ்சள் நிறத்தில் பளபளக்கிறது 1912-ம் வருட ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட். ஆறாவது நிஜாம் மெஹபூப் அலி கான் ஆர்டர் கொடுத்தது. 1911-ல் அவர் இறந்துவிட, கார் வந்து சேர்ந்தது மகன் உஸ்மான் அலி கானிடம். பின்னால் சிம்மாசனம் போன்ற ஒற்றை இருக்கை. அந்தக் காலத்து ரோல்ஸ் ராய்ஸின் முன் சக்கரங்களில் பிரேக்கே கிடையாது. நான்கு சக்கர பிரேக் அதற்கு வந்தது 1924-ல்தான். ஊர்வலத்தில் ஊர்ந்து போன காருக்கு அது போதும்.

பஞ்சாரா ஹில்ஸ் இறக்கத்தில் 1960களின் ஃபியட்டையோ அம்பாசிடரையோ ஓட்டுபவருக்குப் போதாது. முன்னால் போகும் புதுக் காரில் ஏ.பி.எஸ். இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயம். அது சட்டென்று நிற்கும். பின்னால் வரும் பழைய கார் நிற்காது. 60 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடி தாமதித்தால் கார் கிட்டத்தட்ட 17 மீட்டர் முன்னேறிவிடும். வேகம் இரு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிறது.

பழைய கார்களின் பலவீனம் இரண்டு. முதலாவது, நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடாகி விரியும், லைனிங்கின் பிடிப்பு குறையும், பெடல் ஆழமாகப் போகும். இரண்டாவது, இன்னும் ஆபத்தானது: பழைய மாஸ்டர் சிலிண்டர்களில் ஒரே அறைதான். ஒரு சக்கரத்தின் ரப்பர் கப் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். மிஞ்சுவது ஹேண்ட் பிரேக்கும் கடவுளும்தான்.

உதிரி பாகத்துக்கு எங்கே போவது? ஹைதராபாத்வாசிகளின் முதல் முகவரி செகந்திராபாத்தின் ராணிகஞ்ச். பழைய சாமான்களுக்கு ஜுமேராத் பஜார். அங்கும் கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டை, கொல்கத்தா மல்லிக் பஜார், டெல்லி மாயாபுரி என்று தேடல் நீளும்.

கிடைப்பது காரைப் பொறுத்தது. உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை தயாரான அம்பாசிடருக்குத் தட்டுப்பாடு குறைவு. பிரிமியர் பத்மினி தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. என்றாலும் மும்பை டாக்சிகள் 2023 அக்டோபர் வரை ஓடியதால் அதன் பாகங்களுக்கு நீண்ட காலம் கிராக்கி இருந்தது. சென்னையை அடுத்த வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்களின் பாடுதான் திண்டாட்டம். தொழிற்சாலையே மூடப்பட்டுவிட்டது.

சந்தையில் ஏமாறவும் வழி உண்டு. பிரிக்காத பழைய பெட்டியில் கிடைக்கும் 'ஒரிஜினல்' ரப்பர் கிட்டைப் பார்த்து மகிழ்ந்து போகிறவர்கள் அதிகம். இரும்பு காத்திருக்கும், ரப்பர் காத்திருக்காது. பெட்டியில் இருந்தபடியே அது இறுகி வெடித்துவிடும். டிரம், பிராக்கெட் போன்ற இரும்புச் சாமான்களைப் பழையதாக வாங்கலாம். ரப்பர் கப், ஹோஸ் மட்டும் புதிதாகத் தயாரானதாக இருக்க வேண்டும்.

பாகமே கிடைக்காவிட்டாலும் கதை முடிந்துவிடாது. அரித்துப்போன சிலிண்டரைக் குடைந்து, பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் போட்டுப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். அளவு சரியாக இருந்தால் வேறு வண்டியின் ரப்பர் கப் கூடப் பொருந்தும். தேய்ந்த ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டலாம். டிரம்மை லேத்தில் கடையலாம், ஆனால் தயாரிப்பாளர் விதித்த எல்லைக்குள். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கக்கூடும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதுவது நுரையீரலுக்கு ஆபத்து.

பிரேக் ஆயிலுக்குப் பதில் அவசரத்துக்கு எஞ்சின் ஆயில் ஊற்றினால் எல்லா ரப்பரும் ஊதிக் கெட்டுவிடும். சரியான பிரேக் ஆயிலும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்தால் குமிழி உண்டாகி பெடல் தளரும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. வாரக்கணக்கில் நிற்கும் காருக்கு இது இன்னும் முக்கியம்.

அடுத்த கட்டம், பிரேக்கை மேம்படுத்துவது. குறைந்த செலவில் அதிகப் பாதுகாப்பு தருவது இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர். ஒரு பாதை கசிந்தாலும் இன்னொன்று காரை நிறுத்தும். எஞ்சினின் வெற்றிட இழுப்பைக் கொண்டு காலுக்கு உதவும் பூஸ்டர் அதற்கடுத்தது. இது மிதிக்கும் பாரத்தைக் குறைக்குமே தவிர, தேய்ந்த பிரேக்கைச் சரி செய்யாது.

கடைசியில்தான் டிஸ்க் பிரேக். 1953-ல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் கார்கள் இதைக் கொண்டு வென்றதும் உலகமே திரும்பிப் பார்த்தது. சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றுவது அதன் பலம். பிற்கால அம்பாசிடர் சிலவற்றில் முன் சக்கரத்தில் டிஸ்க் வந்ததால், பழைய அம்பாசிடர்காரர்கள் அந்தப் பாகங்களைத் தேடுகிறார்கள். ஆனால் டிஸ்க்கை மட்டும் மாட்டினால் போதாது. டிரம்மில் ஷூ சக்கரத்தின் சுழற்சியிலேயே தன்னை இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த வசதி இல்லாததால் அதிக அழுத்தம் தேவை. மாஸ்டர் சிலிண்டரும் அதற்கேற்ப மாற வேண்டும். முன்னும் பின்னும் அழுத்தம் சரியாகப் பிரியாவிட்டால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு கார் சுழன்றுவிடும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. 50 வயது தாண்டிய கார்களுக்கு 2021 ஜூலையில் தனி விதி வந்தது. 20,000 ரூபாய் கட்டினால் 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் 10 வருடத்துக்குப் பதிவு. ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். டிஸ்க் பொருத்துவதற்காக சேசிஸை வெட்டி வெல்டிங் செய்தவர் அங்கே மாட்டிக்கொள்வார். அதனால் போல்ட் கழற்றினால் பழைய நிலைக்கே திரும்பக்கூடிய மாற்றங்கள்தான் புத்திசாலித்தனம். கழற்றிய பாகங்களையும் பத்திரப்படுத்த வேண்டும்.

பெயிண்டுக்கும் குரோமியம் முலாமுக்கும் லட்சக்கணக்கில் செலவழிப்பவர்கள் பிரேக் என்றால் மட்டும் பேரம் பேசுகிறார்கள். ராலியில் பரிசு வாங்கித் தருவது பெயிண்ட்தான். பரிசோடு வீடு திரும்ப வைப்பது பிரேக்.