கோதுமை ஆகாதவருக்கு எந்தக் கடை?

நெல்லும் மரச்சீனியும் விளையும் நம் நாஞ்சில் நாட்டில், கோதுமை ஆகாத ஒருவர் வாழ்வது எளிதன்றோ எனத் தோன்றும். அது ஓரளவே உண்மை.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் ‘குளூட்டன்’ என்னும் புரதம் உள்ளது. ‘சீலியாக்’ நோயுடையவர் இதனை உண்டால், உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலைத் தாக்குகிறது. உண்ட உணவின் சத்து உடலிற் சேராது. இரத்தசோகையும், சிறுவரிடம் வளர்ச்சிக் குறைவும் தோன்றும். இத்தானியங்களை வாழ்நாள் முழுதும் விலக்குவதே இதற்குரிய சிகிச்சை.

இவர்கள் தனிக்கடை தேட வேண்டியதில்லை. கோட்டாற்றிலோ வடசேரியிலோ உள்ள மளிகைக்கடையே போதும். அரிசி, கேழ்வரகு, கம்பு, பயறு, மரச்சீனி யாவும் இயல்பாகவே குளூட்டன் அற்றவை. ஆயினும் மூன்றில் விழிப்பு வேண்டும். முதலாவது, கூட்டுப் பெருங்காயம். பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். இரண்டாவது, மால்ட் சத்துபானம். மால்ட் பெரும்பாலும் பார்லியிலிருந்து செய்யப்படுவது. மூன்றாவது, மாவு மில். கோதுமை திரித்த இயந்திரத்திலேயே புட்டுமாவு திரித்தால் இரண்டும் கலந்துவிடும்.

எனவே, மாவுகளைத் தனித்தனிக் கரண்டியால் அள்ளித் தரும் கடையே நல்ல கடை. பொட்டலத்தில் ‘குளூட்டன் அற்றது’ என அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தலாகாது என்பது நம் நாட்டுச் சட்டம்.

ஐயமுடையோர் தாமாகக் கோதுமையை நிறுத்தலாகாது. நிறுத்தியபின் சோதித்தால் நோய் புலப்படாமற் போகலாம். முதலில் மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்தல் வேண்டும்.

தோழியரே, விருந்துக்கு வந்தவள் ரசம் வேண்டாமென்றால் வருந்தாதீர். பெருங்காய டப்பாவை எடுத்துப் படித்துப் பாருங்கள்!